நிப்பாட்டுக் கும்மி

எனக்கு இடது காது கேட்காது. என்னிடம் பேச வருகிறவர்கள் வலப்பக்கம் வந்து பேசினால் நல்லது. இடப்பக்கம் நின்று கத்திப் பார்த்துவிட்டு, "டீச்சருக்குத் திமிரு, பதிலே சொல்றதில்ல" என்று போகிறவர்களும் உண்டு. திமிர் இருப்பது உண்மைதான். அது காது போவதற்கு முன்பே எனக்கு இருந்தது. காது போனது ஜப்பான்காரன் காலத்தில், எங்கள் பள்ளிக்கூடத்துக் கலைவிழா அன்று, பட்டப்பகலில், ஒரே அறையில்.

அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்போது நான் மலாய் நாட்டில், ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. துறைமுகத்துக்கு நடக்கிற தூரம்தான். பிள்ளைகளின் அப்பாக்கள் பெரும்பாலும் வெல்ட் கீயில் கப்பலுக்கு மூட்டை தூக்குகிறவர்கள். ஜப்பான்காரன் வந்ததும் இங்கிலீஷ் பாடம் போயிற்று. காலையில் கொடிக்கம்பத்தின் முன்னால் கிழக்கே பார்த்துக் குனிய வேண்டும். பிறகு நிப்பான் பாட்டு; ஜப்பான்காரன் தன் நாட்டை நிப்பான் என்றுதான் சொல்வான். அது முடியும்வரை எறும்பு கடித்தாலும் அசையக் கூடாது. பிள்ளைகள் வாயில் "நிப்பான் பாட்டு" நிற்கவில்லை. ஒரே வாரத்தில் தேய்ந்து "நிப்பாட்டு" ஆகிவிட்டது. "டீச்சர், இன்னிக்கு எந்த நிப்பாட்டு?" என்று கேட்பார்கள்.

தமிழ் வீட்டில் பிறந்த எவருக்கும் தெரியும், நிப்பாட்டு என்றால் நிறுத்து என்று. அழுகையை நிப்பாட்டு, சண்டையை நிப்பாட்டு. அது தெரியாத ஒரே ஆள் கல்வி இலாகா அதிகாரி. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி டோக்கியோ நேரம் வைத்தார்கள் அல்லவா, அந்த நேரம் சரியாக இருக்கிறதா என்று வகுப்பு வகுப்பாக வந்து பார்ப்பார். அதனால் பிள்ளைகள் அவருக்கு 'ஒன்றரை மணி' என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் தலைமையாசிரியர், பயந்த மனிதர், ஒருநாள் அவரைக் குளிர வைக்க நினைத்து, பிள்ளைகள் நிப்பான் பாட்டை ஆசையாக 'நிப்பாட்டு' என்று கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வைத்தார். ஒன்றரை மணிக்கு அப்படி ஒரு சந்தோஷம். தமிழில் அவர் கற்றுக்கொண்ட ஒரே சொல் அதுதான்.

அடுத்த தடவை வந்தபோது மூன்றாம் வகுப்பு பாடிக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் பாடினார்கள். இன்னும் சத்தமாகப் பாடட்டும் என்று அவர் கைகளை உயர்த்தி, "நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று முழங்கினார்.

முப்பது வாயும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன.

அவர் மறுபடியும் கத்தினார். பிள்ளைகள் மூச்சையும் நிறுத்திவிட்டார்கள். விழுந்த இரண்டு அறையும் தலைமையாசிரியருக்கு. அவருடைய கண்ணாடியின் ஒரு கால் உடைந்தது; பிறகு நூல் கட்டித்தான் போட்டுக்கொண்டார். இவ்வளவு நடந்தும் அந்தச் சொல்லின் இன்னொரு அர்த்தத்தை ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. அவருடைய மொழிபெயர்ப்பாளருக்கு ஜப்பானும் மலாயும்தான் தெரியும். நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: ஒன்றரை மணி 'நிப்பாட்டு' என்றால் பாடு, டீச்சர் சொன்னால் வாயை மூடு. இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள்.

கலைவிழா உத்தரவு வந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து. பள்ளி மைதானத்தில் விழா. ஆட்டம் பாட்டு வேண்டும். பிள்ளைகள் கையால் செய்து பழகும் வேலைகள் வேண்டும். எல்லாரும் குடும்பத்தோடு வர வேண்டும். கடைசி வரிதான் விஷம். வயது வந்த ஆண்கள் கட்டாயம் வர வேண்டும், வாசலில் அவர்களின் அரிசிக் கார்டில் முத்திரை போடப்படும், முத்திரை இல்லாத கார்டுக்கு அரிசி கிடையாது.

தலைமையாசிரியர் அதை வாசித்து முடித்ததும் எனக்குக் கிழங்குக்காரக்கா நினைவுதான் வந்தது. எங்கள் பள்ளி வாசலில் அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்கும் அக்கா ஒருத்தி இருந்தார். எங்கள் தீவுக்கு எதிரே, அக்கரையில் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவர். அங்கே இலவசப் படம் என்று ஊரையே கூட்டி, பாதிப் படத்தில் கொட்டகையைச் சுற்றி லாரிகளை நிறுத்தி, ஆண்களை மட்டும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், சயாமுக்கு ரயில் பாதை போட. "படம் பாக்கப் போன மனுசன் இன்னும் பாத்துக்கிட்டே இருக்காருலா" என்பார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்கிற நமக்குத்தான் சிரிப்பு வராது.

"சார், இது விழா இல்ல, வலை" என்றேன் தலைமையாசிரியரிடம்.

"தெரியும்மா. நடத்தலன்னா என் தலை. நடத்துனா அவுங்க தலை."

"அவன் ஆடாம அசையாம நிக்கிற நேரம் ஒண்ணு இருக்கு சார். நிப்பாட்டு பாடுற நேரம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி நூலைச் சரிசெய்தார். "நான் எதுவும் கேக்கலம்மா" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் அவரே, "அந்தப் பாட்டு ரொம்பச் சின்னதாச்சே?" என்றார்.

அதற்குத்தான் கும்மி. கும்மிக்கு ஏது முடிவு? வாய் வலித்தால்தான் முடிவு. பிள்ளைகளின் அம்மாக்கள் பன்னிரண்டு பேரைச் சேர்த்தேன். அடிக்கு அடி 'நிப்பாட்டு' என்று முடிகிற மாதிரி நானே பாட்டுக் கட்டினேன். நிகழ்ச்சி நிரலில் 'நிப்பாட்டுக் கும்மி' என்று எழுதி, நிப்பானைப் புகழ்ந்து பாடும் பாட்டு என்று மலாயில் விளக்கம் சேர்த்து அனுப்பினோம். ஒன்றரை மணி ஒத்திகைக்கே வந்துவிட்டார். உறுமி மேளம் எழும்பியதும் கிழக்கே பார்த்து விறைப்பாக நின்றார். மேளம் நின்ற பிறகுதான் தோளைத் தளர்த்தினார். சம்மதம் என்று முத்திரையும் போட்டுக் கொடுத்தார். 'நிறுத்து' என்ற சொல்லுக்கு ஜப்பான் சர்க்காரின் சிவப்பு முத்திரை! அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து நான் மூன்று நாள் சிரித்தேன்.

அந்த உறுமியை அடித்தவர் என் அண்ணன். அவரை நினைத்ததும் என் சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அண்ணன் வெல்ட் கீயில் மூட்டை தூக்கித்தான் என்னைப் படிக்க வைத்தார். அவருக்கு முதுகில் காய்ப்பு, எனக்குக் கையில் சான்றிதழ். ஆறடி உயரம், அரிசிப் பஞ்சத்திலும் குறையாத தோள். லாரிக்காரன் முதலில் பார்க்கிற உடம்பு அது. கோயில் மேளத்தில் அவர்தான் உறுமிக்காரர்.

திட்டம் எளிமையானது. லாரி வந்தால் வாசலிலிருந்து கிழங்குக்காரக்கா, "கிழங்கு முடிஞ்சிருச்சு!" என்று கத்த வேண்டும். ஜப்பான் காலத்தில் அரிசி முடியும், உப்பு முடியும், கிழங்கு முடிந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அதனால் குழப்பம் வராது. உடனே தலைமையாசிரியர் நிப்பாட்டு என்று அறிவிப்பார். அதிகாரியும் சிப்பாய்களும் கிழக்கே கொடியைப் பார்த்து நிற்பார்கள். ஆண்கள் மேற்கே, சமையல் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் லோங்காங் சாக்கடையில் இறங்கிப் பின்சந்துக்குப் போய்விட வேண்டும். அந்தச் சந்தில் ஒரு சீனக் கடைக்காரர் தம் பின்கதவைத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருந்தார். மேளம் ஒலித்துக்கொண்டிருக்கும்வரை அதிகாரி திரும்பமாட்டார்.

மேளம் ஒலிக்க வேண்டுமே! அங்கேதான் முடிச்சு. எல்லாரும் போகும்வரை அடிக்கிறவர் போக முடியாது. அடிக்கிறவர் போனால் மேளம் நின்றுவிடும்.

விழாவுக்கு முதல்நாள் காலை, அண்ணன் உறுமித் தோலுக்கு வெயில் காட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டேவிட்டேன்.

"எல்லாரும் போனப்புறம் நீங்க எப்படிப் போவீங்க?"

"கடைசி ஆளு போனதும் குச்சியப் போட்டுட்டு ஓடிர்றேன்."

"குச்சி நின்ன நிமிசம் அவன் திரும்புவான். பாதி மைதானம்கூடத் தாண்டியிருக்க மாட்டீங்க."

"அப்ப பாத்துக்கலாம்லா."

"நான் அடிக்கிறேன். நீங்க போங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. சாமி வந்து இறங்கும் மேளம் அது. விரதமிருந்து தொடுவார்கள். பெண் கை படக் கூடாது. கொடியில் காயும் புடவை பட்டால்கூட மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். "பைத்தியமா ஒனக்கு?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை. என் அண்ணன் லாரியில் ஏற நான் பாட்டுப் பாடுவதா? கோபத்தில் அன்று சமைக்கக்கூட இல்லை. சமைக்கவும் கிழங்கைத் தவிர ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் அண்ணனே தமக்குத் தெரியாமல் எனக்கு ஒரு வழி வைத்திருந்தார். விழாவுக்காக அவர் பிள்ளைகளுக்கு ஒரு மூலை போட்டிருந்தார். மண்ணெண்ணெய் டின்களைக் கவிழ்த்து வைத்து, கும்மி அடியைக் குச்சியால் அடிக்கப் பழக்கினார். டின் தகரம்தானே, அதற்குத் தீட்டு இல்லை, பெண்பிள்ளைகளும் அடிக்கலாம் என்பது அவர் சட்டம். இரண்டு வாரமாகப் பிள்ளைகளோடு பிள்ளையாக நானும் ஒரு டின்னைத் தட்டிக்கொண்டிருந்தேன். டீச்சருக்கு விளையாட்டுப் புத்தி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

விழா அன்று வெயில் நன்றாக அடித்தது. உண்மையைச் சொன்னால், விழா அழகாகவே இருந்தது. எனக்கு அதில் இப்போதும் எரிச்சல்தான். சாவைப் பின்னால் வைத்துக்கொண்டு அவ்வளவு அழகாக இருந்திருக்கக் கூடாது.

தடை செய்யப்பட்ட இங்கிலீஷ் பூகோளப் புத்தகங்களைக் கிழித்துப் பிள்ளைகள் காகிதப் பூ செய்தார்கள். வெள்ளைக்காரன் வரைபடத்தில் தன் நாடுகளுக்கெல்லாம் சிவப்பு அடித்து வைத்திருந்தான் அல்லவா, பூக்களுக்கு நல்ல நிறம் கிடைத்தது. ஒரு சிறுமி தன் பூவை என்னிடம் காட்டி, "டீச்சர், இதுல பாதி இந்தியா" என்றாள். கோலப்பொடிக்கு அரிசி மாவு ஏது? அடுப்புச் சாம்பலும் செங்கல் தூளும்தான். கொடிக்கம்பத்தடியில் உதயசூரியன் போடச் சொல்லி உத்தரவு. அம்மாக்கள் செங்கல் தூளால் பெரிய சிவப்பு வட்டம் போட்டார்கள். மாமரத்தடியில் ஒருவர் தென்னை ஓலையில் பாம்பும் கிளியும் முடைந்து காட்டினார். துறைமுகத்தில் அண்ணனோடு மூட்டை தூக்குகிறவர். அவரைச் சுற்றிப் பிள்ளைகள் ஈ மொய்த்தது போல் மொய்த்தார்கள். ஓலையை மடிக்கக் கற்றுக்கொடுத்து, தப்பாக மடித்தால் காதைத் திருகுவார். சரியாக மடித்தாலும் திருகுவார்.

பொய்க்கால் குதிரைக்காரர் குதிரைக்கூட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். கோலாட்டம் நடந்தது. ஆண்கள் அறுபது எழுபது பேர் பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள், கையில் முத்திரை குத்திய கார்டோடு. ஒருவரும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் வாசலில். லாரி வராமலே போகலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை இருந்தது.

கோலாட்டம் முடிகிற நேரம் வாசலிலிருந்து குரல் வந்தது. "கிழங்கு முடிஞ்சிருச்சு! யாரும் வராதீங்க, கிழங்கு முடிஞ்சிருச்சு!"

தலைமையாசிரியர் மேடையேறினார். பேச்சு வரவில்லை. போச்சு, மனிதர் கவிழ்த்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் நூல் கட்டிய கண்ணாடியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, பயந்த அந்த மனிதர், பள்ளிக்கூடமே அதிர, "நிப்பாட்டு!" என்றார்.

ஒன்றரை மணி எழுந்து கொடியைப் பார்த்து நிமிர்ந்தார். மொழிபெயர்ப்பாளர் நிமிர்ந்தார். துப்பாக்கியோடு நின்ற இரண்டு சிப்பாய்களும் கிழக்கே திரும்பினார்கள். வாசலில் லாரியிலிருந்து இறங்கியவர்களும் அப்படியே கிழக்கே பார்த்து விறைத்தார்கள். அவர்களுக்குச் சற்றுப் பின்னால், வராந்தாத் தூணை ஒட்டி அண்ணன் உறுமியோடு நின்றார், பக்கத்தில் நான். வளைந்த குச்சியை அவர் தோலில் இழுத்ததும் உறுமி எழும்பியது. கொடிக்கம்பத்தைச் சுற்றி அம்மாக்கள் கை தட்டிக் குனிந்து நிமிர்ந்தார்கள். நான் பாடினேன்.

"கொதிக்கிற பானையை நிப்பாட்டு – அடி
கூவுற சேவலை நிப்பாட்டு
ஓடுற லாரியை நிப்பாட்டு – அங்கே
உக்காந்த கோட்டானை நிப்பாட்டு!"

அவர்கள் திருப்பிப் பாடினார்கள். முதல் சுற்றிலேயே கோலச் சூரியனை மிதித்தார்கள். இரண்டாம் சுற்றில் செங்கல் தூள் எல்லார் பாதத்திலும் ஏறிவிட்டது. ஒன்றரை மணி கண் இமைக்காமல் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டின் நடுவே நெற்றி வியர்வையைத் துடைத்த ஒரு டீச்சரை ஒரு தடவை அறைந்தவர் அவர். தன் சட்டத்தைத் தானே மீற முடியுமா?

பின்னால் ஆண்கள் வரிசை வரிசையாகக் கரைந்தார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குனிந்து, கொட்டகைக்குப் பின்னால். பிள்ளைகள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தோம். கடைசி வரிசையும் காலியானது. அண்ணன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார், போவதற்கு எண்ணமே இல்லாத ஆள் மாதிரி. ஓடினால் நான் ஒருத்தி மாட்டிக்கொள்வேன் என்று அவர் கணக்குப் போட்டிருப்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிறந்ததிலிருந்து அண்ணனை நான் நீ என்று கூப்பிட்டதில்லை. அன்றுதான் அதட்டினேன், அதுவும் பாட்டில், ஊர் முன்னால்.

"கையில குச்சியை நிப்பாட்டு – அண்ணே
கால மட்டும் நிப்பாட்டாதே!"

கும்மி போட்ட பெண்களுக்கு இது ஒத்திகையில் இல்லாத அடி. ஒரு நொடி தடுமாறினார்கள். பிறகு பன்னிரண்டு பேரும் சேர்ந்து, அவரவர் அண்ணனுக்குச் சொல்வது போலத் திருப்பிப் பாடினார்கள். அண்ணன் தலையை ஆட்டினார், முடியாது என்று. எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவர் கையிலிருந்த குச்சிகளைப் பிடித்து இழுத்தேன். அவர் விடவில்லை. நான் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். பொய்யில்லை, பல் பதியக் கடித்தேன். குச்சி என் கைக்கு வந்தது.

அந்த இரண்டு மூன்று அடிகளுக்கு மேளம் இல்லை. ஒன்றரை மணியின் தோள் தளர ஆரம்பித்தது. எனக்கு உயிர் போய் வந்தது. அப்போது டின் மூலையிலிருந்து அடி கேட்டது. யாரும் சொல்லவில்லை. மேளம் நின்றது பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு மண்ணெண்ணெய் டின்கள் அண்ணன் கற்றுக்கொடுத்த அதே அடியை அடித்தன. அந்தத் தோள் மறுபடி விறைத்தது. நான் உறுமியின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அடித்தேன். வளைந்த குச்சியை இழுத்தேன். உறுமவில்லை, இருமியது. இருமிக்கொண்டே ஓடியது பாட்டு. அண்ணன் இரண்டடி பின்னால் வைத்தார், என்னையே பார்த்தபடி. பிறகு ஓடினார்.

நான் எவ்வளவு நேரம் அடித்தேன் என்று தெரியாது. அண்ணன் பின்சந்தைத் தாண்டியிருப்பார் என்று தோன்றும்வரை அடித்தேன், தோன்றிய பிறகும் அடித்தேன். வாசலில் லாரிச் சிப்பாய் ஒருவன் ஏதோ கத்தினான். ஒன்றரை மணி திரும்பினார்.

மைதானம் முழுக்கப் பெண்களும் பிள்ளைகளும். பின்வரிசையில் ஒரே ஒரு ஆண், அது குதிரை. பொய்க்கால் குதிரைக்காரர் கூட்டைக் கழற்றி வேலிக் கம்பத்தில் சாய்த்துவிட்டுப் போயிருந்தார். காகிதக் குதிரை மட்டும் கிழக்கே பார்த்து விறைப்பாக நின்றது.

ஒன்றரை மணியின் முகம் சிவந்தது. எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தி, அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைக் கத்தினார்: "நிப்பாட்டு!" எந்த அர்த்தத்தில் சொன்னாரோ, எனக்கு இன்றுவரை தெரியாது. எங்களுக்கு அவர் கொடுத்திருந்த அர்த்தம் ஒன்றுதான். இன்னும் சத்தமாகப் பாடினோம்.

மொழிபெயர்ப்பாளர் ஓடி வந்தார். ஆம்பிளைகள் எங்கே என்று மலாயில் கேட்டார். "பாலிக்" என்றேன். வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள் என்று அர்த்தம். நான் பொய் சொல்லவில்லை. அண்ணன் மலை ஏறிப் போனது பாலிக் புலாவுக்கு. பாதி ஊர்ப்பெயரை விழுங்கிவிட்டேன், அவ்வளவுதான்.

ஒன்றரை மணியின் அறை என் இடது கன்னத்தில் விழுந்தது. காதுக்குள் ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. கீழே விழுந்து பார்த்தபோது ஒரு பூட்ஸ் உறுமித் தோலுக்குள் போய்க்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் நடுவே வந்து நின்று, முத்திரை குத்திய நிகழ்ச்சி நிரலை இரண்டு கையாலும் நீட்டினார். "துவான் சம்மதம், துவான் சம்மதம்" என்று, ஐயா சம்மதித்ததுதான் என்று, அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தன் முத்திரையைப் பார்த்த பிறகு ஒன்றரை மணியால் மேலிடத்துக்கு என்ன எழுத முடியும்? காகிதத்தைக் கிழித்து எறிந்துவிட்டுப் போனார்.

லாரி காலியாகப் போனது என்று முடிக்க எனக்கு ஆசை. அது காலியாகப் போகவில்லை. மாமரத்தடியில் ஓலை முடைந்தவர் போகவில்லை. ஒரு பிள்ளைக்குக் கிளி பாதியில் நின்றிருந்தது. வால் மட்டும் போட்டுவிட்டு வருகிறேன் என்று அவர் தம் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாராம். வாலைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பிடித்தார்கள். அவர் சயாமிலிருந்து திரும்பவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. ஒரு கிளிக்கா? பிறகு அந்தப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வரும். கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

ஜப்பான்காரன் தோற்ற பிறகுதான் அண்ணன் பாலிக் புலாவிலிருந்து இறங்கி வந்தார். ஜாதிக்காய்த் தோட்டத்தில் ஒளிந்து கூலி வேலை செய்திருக்கிறார். ஆளே ஜாதிக்காய் மணத்தார். வாசலில் நின்று முதலில் மணிக்கட்டைக் காட்டினார். என் பல் தடம் வெளுத்துப்போய் அப்படியே இருந்தது.

"நாய்கூட இப்படிக் கடிக்காதுலா" என்றார். எனக்குக் கேட்கவில்லை, இடப்பக்கம் நின்று சொன்னார். திரும்பிப் பார்த்து, "என்ன சொன்னீங்க?" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆறடி மனிதர் படியில் உட்கார்ந்து அழுதார்.

உறுமிக்குப் புதுத் தோல் கட்டினார். கோயில் மேளக்காரர்களோ அதைத் தொட மறுத்தார்கள். பெண் தோளில் ஏறிய மேளம், அதற்கு ஒரு சுத்தி பண்ண வேண்டுமாம். நான் நேரே அவர்கள் முன்னால் போய் நின்றேன்.

"பூட்ஸ் காலு உள்ள போச்சே, அதுக்கு என்ன சுத்தி வச்சிருக்கீங்க?" என்றேன். "அன்னிக்கு இந்த மேளச் சத்தத்துலதான் நீங்க எல்லாம் லோங்காங்குல எறங்குனீங்க. அப்ப தீட்டுப் படலயா?"

அந்த ஆண்டு பள்ளி மறுபடி திறந்ததும் தலைமையாசிரியர் ஒரு கலைவிழா வைத்தார். இந்தத் தடவை யாரும் உத்தரவு போடவில்லை. காகிதப் பூ, கோலம், டின் மூலை எல்லாம் இருந்தன. ஓலை முடைகிற இடத்தை மட்டும் மாமரத்தடியில் காலியாக விட்டிருந்தோம். கும்மி தொடங்கும் நேரம் அண்ணன் உறுமியைத் தூக்கி வந்தார். தம் தோளில் மாட்டுவார் என்று பார்த்தால், வாரை என் கழுத்தில் போட்டார். நான் முழித்தேன். "இந்த மேளத்த நிக்கவிடாமக் காப்பாத்துனது நீ. அடி" என்றார், வலப்பக்கம் வந்து.

அடித்தேன். வளைந்த குச்சியை இழுத்தேன். இந்தத் தடவை இருமவில்லை, உறுமியது.

பாதியில் கோயில்காரர் ஒருவர் எழுந்து நின்று, கையை ஆட்டி, "நிப்பாட்டு! பொம்பள அடிக்கிறத நிப்பாட்டு!" என்று தொண்டை கிழியக் கத்தினாராம். அண்ணன்தான் பிறகு சொன்னார். அந்த மனிதர் என் இடப்பக்கம் நின்றிருந்தார். எனக்குக் கேட்கவில்லை.